உயிரணுப் பெருக்கமும் அதனைக் காட்டும் சாயமும்

நம் உடல் என்றும் மாறாது நிற்பதொரு பொருள்போல் நமக்குத் தோன்றுகின்றது. நேற்றுக் கண்ட முகத்தையே இன்றும் கண்ணாடியிற் காண்கின்றோம். ஆயின், உயிர்நூல் பயின்றோர் இத்தோற்றத்தை அப்படியே ஒப்புக்கொள்ளார். பாலத்தின்மேல் நின்று நோக்குவானுக்கு ஆறு என்றும் ஒன்றே. அதனுள் ஓடும் நீரோ கணந்தோறும் வேறு. அங்ஙனமே, நம் சிறுகுடலின் உட்போர்வையாய் அமைந்த உயிரணுக்கள் 3 முதல் 5 நாட்களுக்குள் உதிர்ந்துபோக, புதியன தோன்றி அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. தோலும் குருதியும் இத்தன்மையனவே. இதயத்தின் தசையணுக்களோ பெரும்பாலும் இளமையிற் பெற்றவையாகவே வாழ்நாள் முழுதும் உழைக்கின்றன. பெருக வேண்டிய இடத்தில் அணுக்கள் பெருகாவிடின் புண் ஆறாது. பெருகத் தகாத இடத்தில் அளவு கடந்து பெருகின் அதுவே புற்றுநோய்.

ஆதலின், ஒரு திசுவை ஆராயப் புகுவான் கேட்கும் முதல் வினாக்களுள் ஒன்று, “இதன்கண் எவ்வணுக்கள் பெருகுகின்றன? அவை நூற்றுக்கு எத்தனை?” என்பதாம். இவ்வினாவிற்கு விடை காண, வேண்டிய சாயங்களையும் மருந்துகளையும் ஒருங்கே அடக்கிய சிறு பெட்டிகள் இந்நாளில் விற்கப்படுகின்றன. ‘கிட்’ என்று ஆய்வுக்கூடத்தார் வழங்கும் அப்பெட்டியைக் கையாளும் முறையையும், அது தரும் விடையை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதையும் நம் மாணவ நண்பர்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெங்காய வேர் கற்பித்ததும் கற்பியாததும்

உயிர்நூல் மாணவர் யாவரும் வெங்காய வேரின் நுனியைச் சாயத்தில் தோய்த்து, கண்ணாடித் தகட்டின்மேல் நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருப்பர். சில அணுக்களில் நிறப்புரிகள் நூல்போல் திரண்டு, நடுவில் அணிவகுத்து, பின்னர் இரு கூறாய்ப் பிரிந்து செல்லும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறவார். ஜெர்மானிய அறிஞர் வால்டர் பிளெம்மிங் 1882-இல் வெளியிட்ட தம் நூலில், சலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் இளம்பருவத் திசுக்களில் இந்நிகழ்ச்சியைப் படிப்படியாய் விளக்கினார்.

இங்ஙனம் பிரிவுறும் அணுக்களை எண்ணினால் போதாதோ எனின், போதாது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் பாலூட்டியின் அணுவொன்று ஒரு முறை பிரிந்து மறுமுறை பிரிவதற்கு ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகின்றது என்று கொள்வோம். அதில் நிறப்புரிகள் கண்ணுக்குத் தோன்றும் காலம் சுமார் 1 மணி நேரமே. எஞ்சிய 23 மணி நேரமும் அது பெருகும் அணுதான் எனினும், தோற்றத்தில் உறங்கும் அணுவுக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. சந்தைக்கு வந்தோர் தொகையை அறிய விரும்பிய ஒருவன், ஒரு கணம் வாயிலைக் கடந்தவரை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பினாற்போல் ஆகும் நம் கணக்கு.

பிரிவதற்கு முன்னர் அணு தன் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வை முழுதும் படியெடுத்து இரட்டித்துக்கொள்ள வேண்டும். இவ்வேலை ஒரு குறித்த பருவத்திலேயே நடைபெறுகின்றது என்பதை, ஹோவர்டு, பெல்க் என்னும் இருவர் 1951 முதல் 1953 வரை வெளியிட்ட தம் ஆய்வுகளில், அவரை இனத்துச் செடியொன்றின் வேரைக் கொண்டு மெய்ப்பித்தனர். பாலூட்டிகளின் அணுக்கள் பலவற்றில் இப்பருவம் 6 முதல் 8 மணி நேரம் நீடிக்கும். இப்பருவத்திலுள்ள அணுக்களை அடையாளம் காண வழி கிடைத்தால், நம் கணக்கு முன்னையினும் பன்மடங்கு செம்மையுறும் அன்றோ?

குறியிட்ட செங்கல்

வீடு கட்டும் ஊரொன்றில் எவ்வெவ் வீட்டில் இன்று வேலை நடைபெறுகின்றது என்று அறிய வேண்டுமாயின், ஒரு சூழ்ச்சி செய்யலாம். இன்று சூளையிலிருந்து செல்லும் செங்கல் ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரையிட்டு அனுப்பி, மறுநாள் சென்று பார்த்தால், முத்திரைக்கல் உள்ள சுவரே நேற்று எழுந்த சுவர். டி.என்.ஏ. கட்டப்படும் செங்கற்கள் நான்கு வகை. அவற்றுள் தைமிடின் என்பது டி.என்.ஏ.வுக்கே உரியது. ஆகையால் முத்திரையிட அதனைத் தேர்ந்தனர்.

முதலில் இட்ட முத்திரை கதிர்வீச்சு உடையது. 1957-இல் டெய்லர் என்பவரும் அவர்தம் துணைவர் இருவரும், டிரிட்டியம் கலந்த தைமிடினைச் செடியின் வேருக்கு ஊட்டி, அது புதிய டி.என்.ஏ.வுட் புகுந்ததைப் புகைப்படப் பூச்சின் வாயிலாகக் கண்டனர். முறை நுட்பமானதே, ஆயினும், பூச்சிட்ட தகடுகளை இருட்டறையில் பல நாட்கள், சிலபோது பல வாரங்கள், வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பின்னர் வந்தது கதிர்வீச்சற்ற முத்திரை. தைமிடினிலுள்ள ஒரு மீதைல் தொகுதியை நீக்கி, அவ்விடத்தில் ஒரு புரோமின் அணுவை வைத்தால் கிடைப்பது புரோமோடியாக்ஸியூரிடின் என்னும் பொருள். அதனைச் சுருக்கமாய்ப் பி.ஆர்.டி.யு. என்பர். புரோமின், பருமனில் ஏறத்தாழ மீதைல் தொகுதியை ஒத்தது. எனவே, டி.என்.ஏ.வைக் கட்டும் நொதி இதனைத் தைமிடின் என்றே ஏற்றுச் சுவரில் வைத்துவிடுகின்றது. 1982-இல் கிராட்ஸ்னர் என்பார், இப்பொருளை மட்டும் இனங்கண்டு பற்றும் எதிர்ப்பொருள் ஒன்றை எலியின் அணுக்களிலிருந்து ஆக்கி வெளியிட்டார். அன்றுமுதல் வாரங்கள் கொண்ட வேலை ஓரிரு நாட்களில் முடிவதாயிற்று.

செய்முறை

கால அளவுகள் பெட்டிக்குப் பெட்டி சிறிது வேறுபடுமாதலின், உடன்வரும் குறிப்புத் தாளை முற்றப் படித்த பின்னரே தொடங்குதல் வேண்டும். பொதுமுறை வருமாறு.

விலங்காய்வுக் குழுவின் ஒப்புதல் பெற்ற பின், சுண்டெலியின் வயிற்றறையினுள் பி.ஆர்.டி.யு. கரைசல் செலுத்தப்படும். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 25 கிராம் எடையுள்ள சுண்டெலிக்கு மிகுதியாய்ப் போனால் 2.5 மில்லிகிராம். சுமார் 2 மணி நேரம் கழித்து, வேண்டிய திசுவை எடுத்து, பார்மலினில் இட்டுப் பதப்படுத்தி, மெழுகில் பொதிந்து, 4 அல்லது 5 மைக்ரான் தடிப்புள்ள மெல்லிய சீவல்களாய் வெட்டித் தகட்டில் ஒட்டுவர். ஒட்டும் பூச்சு இட்ட தகடே வேண்டும். இல்லையேல், பின்வரும் அமிலக் குளிப்பில் சீவல் கழன்று மிதந்துவிடும்.

மெழுகைச் சைலீன் கொண்டு கரைத்து, ஆல்கஹாலின் வலிவைப் படிப்படியாய்க் குறைத்து, திசுவை நீருக்குக் கொணர்தல் முதற்படி. அடுத்து, 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடில் சுமார் 10 நிமிடம் வைத்தல் வேண்டும். இதன் காரணத்தை நன்கு நினைவிற் கொள்க. இறுதியில் நிறத்தை உண்டாக்கப் போவது பெராக்ஸிடேஸ் என்னும் நொதி. அவ்வியல்புடைய பொருள்கள் குருதியணுக்களில் இயல்பாகவே உள. அவற்றை முன்னரே அடக்கிவிடாவிடின், நம் முத்திரை இல்லாத இடத்தும் நிறம் தோன்றும்.

மூன்றாவது, டிரிப்சின் என்னும் செரிமான நொதியைச் சிறிது நேரம் இட்டுப் பார்மலின் இறுக்கிய புரதப் பின்னலைத் தளர்த்துதல். நான்காவது, அமிலத்தாலோ பெட்டியிலுள்ள அதற்குரிய கரைசலாலோ டி.என்.ஏ.வின் இரு புரிகளையும் பிரித்தல். முறுக்கிய கயிற்றின் உட்புறத்தே மறைந்துள்ள முடிச்சைக் கைதொட இயலாததுபோல், இரட்டைப் புரியின் உள்ளே கிடக்கும் பி.ஆர்.டி.யு.வை எதிர்ப்பொருள் எட்ட இயலாது. ஆகவே புரி பிரித்தே ஆகவேண்டும். இதனைக் குறைவாய்ச் செய்தால் நிறம் தோன்றாது. மிகுதியாய்ச் செய்தால் திசுவின் உருவமே கெடும்.

ஐந்தாவது, பொதுவாய் ஒட்டும் இயல்புடைய இடங்களை அடைக்கும் கரைசலை இட்டபின், எதிர்ப்பொருளைச் சேர்த்து 1 மணி நேரம் விடுதல். இவ்வெதிர்ப்பொருளோடு பயோட்டின் என்னும் வைட்டமின் முன்னரே பிணைக்கப்பட்டிருக்கும். ஏனெனில், எதிர்ப்பொருளும் சுண்டெலியினுடையது. ஆராயும் திசுவும் சுண்டெலியினுடையது. எலியின் எதிர்ப்பொருளைப் பற்றும் வேறோர் எதிர்ப்பொருளை இட்டால், திசுவில் இயல்பாயுள்ளனவற்றையும் அது பற்றிக்கொண்டு குழப்பம் விளைவிக்கும். பயோட்டினை இறுகப் பற்றும் ஸ்டிரெப்டாவிடின், தன்னோடு பெராக்ஸிடேஸை ஏந்தி ஆறாவது படியில் வருகின்றது. ஏழாவதாய் டயமினோபென்சிடின் கரைசலை இட, முத்திரையுள்ள உட்கருக்கள் மாத்திரம் பழுப்பு நிறம் கொள்ளும். ஈற்றில் ஹிமடாக்ஸிலின் இட்டால் ஏனைய உட்கருக்கள் நீலமாகும். பி.ஆர்.டி.யு. டி.என்.ஏ.வுட் புகுவது, டயமினோபென்சிடினும் புற்று விளைக்கக்கூடும் என ஐயுறப்படுவது. ஆதலின் கையுறையின்றி இவற்றைத் தொடலாகாது.

ஒரு பிழையும் அதன் பாடமும்

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். எலியின் கல்லீரலில் மூன்றில் இருபங்கை அகற்றினும், எஞ்சிய பகுதி பெருகி ஒன்றிரண்டு வாரங்களில் பழைய நிறையை ஏறத்தாழ எய்திவிடும். மாணவனாய் இருந்த காலத்தில், அவ்வாறு வளரும் கல்லீரலை யான் இம்முறையில் சாயமேற்றினேன். நுண்ணோக்கியில் நோக்க, எங்கும் பழுப்பு! இத்துணை அணுக்கள் பெருகுகின்றனவே என்று மகிழ்ந்து, எண்ணிக்கையையும் ஏட்டில் எழுதிவிட்டேன்.

ஆசிரியர் வந்து பார்த்தார். பாராட்டவும் இல்லை, கடியவும் இல்லை. “தம்பி, மருந்து பெறாத எலியின் தகட்டைப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார். அத்தகடு மேசைமேல் பார்க்கப்படாமலே கிடந்தது. அதனை வைத்து நோக்கினேன். அதுவும் பழுப்பாகவே இருந்தது. முத்திரைக்கல்லே அனுப்பாத ஊரில் முத்திரை தெரிந்தால், குற்றம் ஊரினதன்று; நோக்கினவனது. பின்னர் ஆராய்ந்ததில், யான் பயன்படுத்திய பெராக்ஸைடு நெடுநாள் திறந்து கிடந்து வலிவிழந்தது என்று தெரிந்தது. கல்லீரலோ குருதி நிறைந்த உறுப்பு. போதாக்குறைக்குப் பயோட்டினும் அதில் இயல்பாகவே மிகுதி. உட்கருவில் மட்டும் தோன்ற வேண்டிய நிறம் அணு முழுதும் பரந்திருந்ததையேனும் யான் கவனித்திருக்க வேண்டும். மகிழ்ச்சி கண்ணை மறைத்தது.

ஆகவே, எத்திசுவை ஆராயினும் துணைத் தகடுகள் மூன்று உடன் வைத்தல் நன்று. முதலாவது, நிறம் தோன்றியே தீரவேண்டிய தகடு. இதற்கு மருந்து பெற்ற எலியின் சிறுகுடல் மிகவும் ஏற்றது. இரண்டாவது, பி.ஆர்.டி.யு. பெறாத எலியின் திசு. மூன்றாவது, எதிர்ப்பொருளை இடாமல் மற்றெல்லாப் படிகளையும் செய்த தகடு. முதலாவதில் நிறம் இல்லையெனில், ஆராயும் திசுவில் நிறமின்மைக்கு ஒரு பொருளும் இல்லை. பின்னிரண்டில் நிறம் இருப்பின், ஆராயும் திசுவின் நிறத்திற்கும் ஒரு பொருளும் இல்லை.

எண்ணுதலும் பொருள் கோடலும்

சிறுகுடலின் தகட்டை நோக்குவார்க்கு இம்முறையின் அழகு விளங்கும். குடலின் உட்சுவரில் விரல்போல் எழுந்து நிற்கும் உறிஞ்சிகளும், அவற்றின் அடியில் கிணறுபோல் தாழ்ந்த குழிகளும் உள. மருந்திட்டு 2 மணி நேரத்தில் எடுத்த திசுவில், பழுப்பு உட்கருக்கள் குழிகளில் மட்டுமே நெருங்கியிருக்கும். விரல்களோ முழுதும் நீலம். அதே மருந்தைப் பெற்ற மற்றோர் எலியை 2 அல்லது 3 நாள் கழித்து ஆராய்ந்தால், பழுப்பு உட்கருக்கள் விரல்களின் மேற்பகுதியை அடைந்திருக்கும். அவ்வணுக்கள் குழியிற் பிறந்து, மேலேறி, நுனியில் உதிரப் போகின்றன. அசையாத தகடுகள் இரண்டு, அசையும் வாழ்வொன்றை நமக்குக் காட்டுகின்றன. புற்றுநோய்க்கு மருந்துண்போர்க்கு வயிற்றுப்போக்கும், முடியுதிர்தலும், குருதியணுக் குறைவும் உண்டாவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். விரைந்து பெருகும் அணுவை அழிக்கும் மருந்து, நல்லணு தீயணு என்று பிரித்தறியாது.

எண்ணுங்கால், பழுப்பு உட்கருக்களின் தொகையை மொத்த உட்கருக்களின் தொகையால் வகுத்து, 100-ஆல் பெருக்குதல் வேண்டும். 500 உட்கருக்களை எண்ணியதில் 120 பழுப்பாய் இருப்பின், விகிதம் 24 விழுக்காடு. எத்தகடு எவ்வெலியினது என்று அறியாத ஒருவரைக் கொண்டு எண்ணுவித்தல் சாலச் சிறந்தது. அன்றியும், இது டி.என்.ஏ. படியெடுக்கப்பட்டதையே காட்டுகின்றது, அணு பின்னர் பிரிந்ததோ, பிரியாமல் நின்றதோ, மடிந்ததோ என்பதை இந்நிறம் சொல்லாது. தொடர்ந்து பிரியும் அணுவில் முத்திரை ஒவ்வொரு பிரிவிலும் பாதியாய்க் குறைந்து, நாளடைவில் கண்ணுக்குப் புலனாகாதொழியும்.

வேறு இரு முறைகள்

உயிருள்ளபோதே மருந்து செலுத்த இயலாத இடத்து, அணு தானே உண்டாக்கும் ஒரு புரதத்தைத் தேடலாம். 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கெர்டஸ் முதலியோர் கண்டறிந்த கே.ஐ.-67 என்பதே அப்புரதம். நகரத்தின் பெயரும், எதிர்ப்பொருள் கிடைத்த கிண்ணத்தின் எண்ணும் சேர்ந்து அதன் பெயராயின. பெருக்கச் சுழற்சியிலுள்ள அணுக்களில் அது காணப்படும். ஓய்ந்திருக்கும் அணுக்களிற் காணப்படாது. குடல், கணையம் ஆகியவற்றில் தோன்றும் நரம்புச் சுரப்பிக் கட்டிகளைத் தரம் பிரிக்க, மருத்துவர் இதன் விகிதத்தை நோக்குகின்றனர். 3 விழுக்காட்டிற்குக் குறைவாயின் முதல் தரம். 3 முதல் 20 வரை இரண்டாம் தரம். அதற்கு மேற்பட்டது மூன்றாம் தரம். 500 அணுக்களில் 14 என எண்ணுவதற்கும் 16 என எண்ணுவதற்கும் இடையே தரம் மாறிவிடும். அத்தகட்டிற்கு உரியவர் முடிவறியாது மருத்துவமனையில் காத்திருக்கின்றார் என்பதை எண்ணுவோன் மறத்தலாகாது.

மற்றொன்று, 2008-இல் சாலிக், மிட்சிசன் என்போர் வெளியிட்ட இ.டி.யு. முறை. இதில் முத்திரையைப் பற்றுவது பெரிய எதிர்ப்பொருளன்று. செம்பின் துணையால் முத்திரையோடு நேரே இணையும் சிறியதோர் ஒளிர்சாயம். அது சிறிதாதலின் புரி பிரிக்க வேண்டுவதில்லை, திசுவும் கெடுவதில்லை. இவ்வகை இணைப்பு இரசாயனத்தை வளர்த்த மெல்டல், ஷார்ப்லஸ், பெர்டோசி ஆகிய மூவர்க்கும் 2022-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது.

மூளை பற்றிய வழக்கு

வளர்ந்த மனிதனின் மூளையில் புதிய நரம்பணு தோன்றாது என்பது நெடுங்காலம் ஐயமற்ற கொள்கையாய் நின்றது. 1962-இல் ஜோசப் ஆல்ட்மன், கதிர்வீச்சுத் தைமிடினைக் கொண்டு வளர்ந்த எலியின் மூளையில் புதிய அணுக்களைக் கண்டதாய் எழுதினார். 1965-இல் தாஸ் என்பாருடன் சேர்ந்து மேலும் விரித்து எழுதினார். அந்நாளில் அதனை மதித்தவர் சிலரே.

1998-இல், சுவீடன் நாட்டு எரிக்சனும், அமெரிக்க நாட்டுக் கேஜும் பிறரும் ஒரு செய்தி வெளியிட்டனர். புற்றுநோயாளர் ஐவர்க்குத் தம் கட்டி எவ்வளவு விரைவாய் வளர்கின்றது என்று அறியும்பொருட்டுப் பி.ஆர்.டி.யு. கொடுக்கப்பட்டிருந்தது. அவருட் சிலர் சில வாரங்களிலும், ஒருவர் 2 ஆண்டு கடந்தும் இறந்தனர். அவர்தம் மூளையை ஆராய்ந்தபோது, நினைவிற்குத் துணையாகும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் முத்திரையுள்ள உட்கருக்கள் காணப்பட்டன. அவை நரம்பணுக்களே என்பதை வேறொரு நிறத்தால் உறுதி செய்தனர். மருந்து பெறாதவர் மூளையையும் உடன்வைத்து நோக்கினர்.

வழக்கு அத்துடன் முடிந்ததோ எனின், இல்லை. பழுதுற்ற டி.என்.ஏ.வைச் செப்பனிடுங்காலும் முத்திரை சிறிது புகலாமே என்று சிலர் வினவினர். 2013-இல் வேறொரு வகைச் சான்று வந்தது. வானில் நிகழ்ந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் மிகுந்த கார்பன்-14, மாந்தரின் டி.என்.ஏ.விலும் பதிந்திருந்தது. அதனை அளந்து, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்பணுக்கள் சேர்கின்றன எனக் கணித்தனர். ஆயினும் 2018-இல், திசுவைச் சாயமேற்றி ஆராய்ந்த ஒரு குழுவினர் வளர்ந்தோரிடம் புதிய நரம்பணுக்கள் காணப்படவில்லை என்றும், அதே ஆண்டில் மற்றொரு குழுவினர் முதியோரிடமும் அவை உள என்றும் எழுதினர். இறந்தபின் எத்துணை நேரம் கழித்துத் திசு பதப்படுத்தப்பட்டது, எந்தப் புரதத்தைச் சாட்சியாய்க் கொண்டனர் என்பன போன்றவற்றையே அறிஞர் இன்றும் ஆராய்ந்து வாதிடுகின்றனர். மாந்தர் மூளையைப் பற்றிய பெரியதொரு வினா, நாம் சிறியது என்று எண்ணும் பதப்படுத்தும் வேலையிலே தங்கியிருத்தல் காண்க.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! பெட்டி விலைக்குக் கிடைக்கும். குறிப்புத் தாளும் அதனுடன் வரும். அத்தாளின்படி செய்வது ஓரிரு நாளிற் பழகக்கூடியது. ஆயின், சாயம் ஒரு சாட்சி. நாம் கேட்ட வினாவிற்கே அது விடை கூறும், கேளாததற்குக் கூறாது. குறுக்குக் கேள்வி கேட்கப்படாத சாட்சியை நீதிமன்றம் எளிதில் ஏற்காதது போல, துணைத் தகடுகளால் சோதிக்கப்படாத நிறத்தை ஆராய்ச்சியாளன் ஏற்றல் தகாது. நாம் விரும்பிய விடை கிடைத்த நாளிலேதான் இதனை மிகுதியும் நினைத்தல் வேண்டும்.

தம் நோயை அறியும்பொருட்டுக் கொண்ட மருந்து, தாம் மறைந்த பின்னரும் பிறர்க்கு அறிவாய்ப் பயன்பட்டது அவ்வைவரால். ஒவ்வொரு தகட்டின் பின்னும் ஓர் உயிர் உண்டு; எலியினதாயினும் மாந்தரதாயினும், அது ஒருமுறையே கிடைப்பது. அதனைக் கருத்தோடு சாயமேற்றி, நேர்மையோடு எண்ணி, கண்டதை மட்டும் எழுதுதல் நாம் அதற்குச் செலுத்தும் கடனாகும்.